பல சைட், ஒரே ஆட்கள்: ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் மென்பொருளை எப்படித் தேர்ந்தெடுப்பது

நான் புதுச்சேரியில் ஒரு எலெக்ட்ரிகல் கான்ட்ராக்ட் நிறுவனத்தில் கோ-ஆர்டினேட்டராக இருக்கிறேன். அலுவலகம் தட்டாஞ்சாவடியில். சைட்கள் புதுச்சேரிக்குள் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், தமிழ்நாட்டுப் பக்கம் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை என்று ஆளுக்கொரு திசையில் இருக்கும். எந்த மாதத்தை எடுத்தாலும் ஐந்தாறு வேலை ஒன்றாக ஓடும். ஒரு இடத்தில் பேனல் ஏற்றிக்கொண்டிருப்பார்கள், இன்னொரு இடத்தில் கேபிள் ட்ரே அடித்துக்கொண்டிருப்பார்கள், மூன்றாவது இடத்தில் டெஸ்டிங் முடிந்து பில் பாஸ் ஆகக் காத்திருப்போம். வாட்ஸ்அப்பிலும் எக்செல்லிலும் இதை ஓட்டி வந்தோம். பிறகு முதலாளி ஒரு மென்பொருள் வாங்கிவிடலாம் என்று முடிவெடுத்து, தேர்ந்தெடுக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார். இப்போது அதே பொறுப்பில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் தொழில் கட்டடமாக இருக்கலாம், இன்டீரியராக இருக்கலாம், ஆடிட் ஆபீஸாகக்கூட இருக்கலாம். சிக்கல் ஒன்றுதான்.

அந்தச் சிக்கல் ஒவ்வொரு வேலைக்குள்ளும் பெரிதாக இருப்பதில்லை. சேதராப்பட்டு சைட்டில் எதற்குப் பிறகு எது என்று அங்கிருக்கும் சூப்பர்வைசருக்கு மனப்பாடம். அவருக்குத் தெரியாதது, சிப்காட் வேலை ஒரு நாள் தள்ளிப்போனால் தனக்கு வரவேண்டிய ஆள் வரமாட்டார் என்பது. வேலைகளுக்கு இடையில்தான் முட்டல் நடக்கிறது. அதனால் மென்பொருளிடம் நான் முதலில் கேட்கச் சொல்லும் கேள்வி இது: "அடுத்த வியாழக்கிழமை எங்கள் ஜாயின்டர், அதாவது கேபிள் இணைப்பவர், எங்கே இருப்பார்?" எல்லா ப்ராஜெக்ட்டையும் சேர்த்துப் பார்த்து, ஒரே திரையில் அதற்குப் பதில் காட்டாத மென்பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்களுக்கு வேண்டாம்.

டெமோவில் இது தெரியவே தெரியாது. டெமோ காட்டுபவர் ஒரே ப்ராஜெக்ட்டைத் திறந்து, கலர் கலராக சார்ட் காட்டி, ஒவ்வொரு வேலையும் எழுதிய கார்டைத் திரையில் இங்கிருந்து அங்கே இழுத்துப் போடுவார். நீங்கள் குறுக்கிட்டு, "நாலு ப்ராஜெக்ட் திறந்து, நாலிலும் ஒரே ஆளைப் போட்டுக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். அப்போதுதான் உண்மையான டெமோ தொடங்கும்.

முதலில் காகிதத்தில்

எந்த மென்பொருளையும் திறப்பதற்கு முன்னால், உங்கள் எல்லா வேலைகளுக்கும் பொதுவாக இருப்பவை எவை என்று ஒரு தாளில் எழுதுங்கள். எங்களுக்கு அது இப்படி வந்தது: எச்டி (உயர் மின்னழுத்த) கேபிள் ஜாயின்டர் ஒருவர், டெஸ்டிங் இன்ஜினியர் ஒருவர், வாடகைக்கு எடுக்கும் டெஸ்டிங் கிட், சாமான் ஏற்றும் வண்டி, அப்புறம் பேனல் செய்து தரும் வெளி ஒர்க்‌ஷாப். மற்ற எலெக்ட்ரீஷியன்களில் ஒருவருக்குப் பதில் இன்னொருவரை அனுப்பிவிடலாம். இந்தப் பட்டியலில் இருப்பவற்றுக்கு அப்படி மாற்று கிடையாது.

ஜாயின்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 11 கேவி கேபிளில் ஹீட் ஷ்ரிங்க் டெர்மினேஷன் (கேபிள் முனையில் உறை போட்டுச் சூட்டில் சுருக்கி மூடும் வேலை) செய்ய உட்கார்ந்தால், கேபிளை உரித்துத் திறந்தபடி பாதியில் விட்டுவிட்டு மறுநாள் வர முடியாது. ஈரம் இறங்கினால் டெஸ்டில் போய்விடும். ஆக அன்று முழுக்க அவர் அந்த சைட்டுக்குத்தான். பல மென்பொருள்கள் ஆளை மணிக்கணக்கில் பங்குபோடுகின்றன: காலை நாலு மணி நேரம் சேதராப்பட்டு, மதியம் நாலு மணி நேரம் சிப்காட், மொத்தம் எட்டு, எல்லாம் பச்சை. காகிதத்தில் சரிதான். நடப்பில் இரண்டு இடத்துக்கும் நடுவே ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் இருக்கிறது, வேலையும் பாதியில் நிறுத்தக்கூடியது இல்லை. இப்படிப்பட்ட ஆளை முழு நாளுக்கும் பதிவு செய்ய வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆட்களோடு கருவிகளையும் அதே பட்டியலில் சேர்க்க முடிய வேண்டும். டெஸ்டிங் கிட்டை ஒரு "ஆள்" மாதிரிப் பதிவு செய்து வேலை ஒதுக்க முடிகிறதா, அப்படிச் செய்தால் அதற்கும் ஒரு பயனர் கட்டணம் போடுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தாளில் எழுதி முடித்ததும், பொதுவான ஆளோ பொருளோ ஏதும் இல்லை, வேலைகளும் மூன்றுக்கு மேல் இல்லை என்றால், நீங்கள் எதையும் வாங்க வேண்டியதில்லை. கூகுள் ஷீட்டில் ஒரு வரிசைக்கு ஒரு வேலை, ஒரு நெடுவரிசைக்கு ஒரு நாள் என்று போட்டு எல்லோருக்கும் பகிர்ந்தால் போதும். மனதாரச் சொல்கிறேன், அது நல்ல வழி.

சோதித்துப் பார்க்கும் முறை

பெரும்பாலான நிறுவனங்கள் சில வாரம் இலவசமாகப் பயன்படுத்தத் தருகின்றன. அந்த நாட்களை அவர்களே வைத்திருக்கும் மாதிரி ப்ராஜெக்ட்டில் செலவழிக்காதீர்கள். உங்களுடைய நிஜ வேலை மூன்றை உள்ளே போடுங்கள்: முடியும் கட்டத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, ஆர்டர் வந்து இன்னும் தொடங்காதது ஒன்று. ஒவ்வொன்றிலும் இருபது முப்பது வரி போதும்.

உள்ளே போட்டதும், வேண்டுமென்றே ஒரே ஆளை ஒரே நாளில் இரண்டு சைட்டில் போடுங்கள். என்ன ஆகிறது என்று கவனியுங்கள். சில மென்பொருள் வாயே திறக்காது. சிலது தனியாக ஒரு திரையில் சிவப்பாகக் காட்டும். அந்தத் திரைக்குப் போக எத்தனை முறை தட்ட வேண்டியிருக்கிறது என்பது முக்கியம், ஏனென்றால் ஆழத்தில் ஒளிந்திருக்கும் எச்சரிக்கையை யாரும் போய்ப் பார்க்கமாட்டார்கள். பெயரைப் போடும்போதே எச்சரித்தால் இன்னும் நல்லது.

அடுத்தது தேதி. இங்கே எங்கள் ஊருக்கென்றே ஒரு சங்கதி இருக்கிறது. கடலூர் தமிழ்நாடு, புதுச்சேரி யூனியன் பிரதேசம். இரண்டுக்கும் நடுவே 20, 25 கிலோமீட்டர்தான், ஆனால் விடுமுறைப் பட்டியல் வேறு. நவம்பர் 1 புதுச்சேரி விடுதலை நாள், ஆகஸ்ட் 16 சட்டபூர்வமாக இந்தியாவோடு இணைந்த நாள். அந்த இரண்டு நாளும் புதுச்சேரியில் அரசு அலுவலகம் மூடியிருக்கும், கடலூரில் வழக்கம்போல் திறந்திருக்கும். மின் இணைப்பு, அனுமதி என்று இரண்டு அரசின் அலுவலகங்களுக்கும் அலையும் எங்களுக்கு, ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் தனித்தனி விடுமுறைக் காலண்டர் வைக்க முடிவது அவசியம். நிறுவனம் முழுமைக்கும் ஒரே காலண்டர்தான் என்றால், ஒன்று சிப்காட் வேலை காரணமில்லாமல் ஒரு நாள் தள்ளும், இல்லாவிட்டால் மேட்டுப்பாளையத்தில் மூடிய அலுவலகத்துக்கு ஆளை அனுப்புவோம். உங்கள் வாடிக்கையாளர்கள் வேறு மாநிலத்திலோ வேறு நாட்டிலோ இருந்தால் உங்களுக்கும் இதே கதைதான்.

அசையாத தேதியையும் சோதியுங்கள். நாங்கள் வேலை செய்வதற்காகத் தொழிற்சாலை ஷட்டவுன் கொடுப்பது, அதாவது ஓட்டத்தை நிறுத்தித் தருவது, ஒரு குறிப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை. அதை விட்டால் அடுத்த ஷட்டவுன் எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தத் தேதியைப் பூட்டி வைக்க வேண்டும். முன்னால் இருக்கும் வேலை தாமதமானால், மென்பொருள் ஷட்டவுனையும் சேர்த்துத் தள்ளிவிடக் கூடாது. "இப்படிப் போனால் ஷட்டவுனுக்கு முடியாது" என்று அது நமக்குக் காட்ட வேண்டும்.

தள்ளக்கூடிய தேதிகள் மொத்தமாகத் தள்ளவும் வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்தது. இந்தப் பக்கம் வேலை செய்பவர்களுக்கு வடகிழக்குப் பருவமழை எதிர்பாராத நிகழ்வே இல்லை. கேபிள் ட்ரெஞ்சில் (கேபிள் புதைக்கும் பள்ளத்தில்) தண்ணீர் நின்றால் எர்த் பிட் (எர்த் இணைப்புக்கான குழி) வேலை நிற்கும், அதற்குப் பின்னால் உள்ள எல்லாம் நிற்கும். ஷெட்டுக்குள் நடக்கும் பேனல் வயரிங் மட்டும் நிற்காது. அதனால் மூன்று ப்ராஜெக்ட்டிலும் வெளி வேலையை மட்டும் நான்கு நாள் தள்ளிப் பாருங்கள். ஒவ்வொரு வரியாகத் தேதி மாற்ற வேண்டியிருந்தால், ஐப்பசி, கார்த்திகையில் யாரும் அதைச் செய்யமாட்டார்கள். ஒரு வேலை எதற்குப் பின்னால் வரும் என்று இணைத்து வைக்கும் வசதி இருந்து, முதல் வரியை நகர்த்தியதும் மற்றவை தாமாக நகர்ந்தால் பத்து நிமிடத்தில் முடியும். நகர்ந்த பிறகு பழைய தேதி என்ன என்பதும் பக்கத்தில் தெரிய வேண்டும். தாமதத்துக்குக் காரணம் மழையா நாமா என்று வாடிக்கையாளர் கேட்கும்போது காட்டுவதற்கு அது வேண்டும்.

சைட்டில் நிற்பவரின் கை

எங்கள் சூப்பர்வைசர்களில் மூத்தவர் ஐம்பதைத் தாண்டியவர். சோதனைக்கு எடுத்த ஒரு மென்பொருளை அவர் போனில் போட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏம்மா, வேலை முடிஞ்சுதுன்னு சொல்ல இத்தனை இடத்துல அமுக்கணுமா?" என்று கேட்டார். ஆப்பைத் திறந்து, ப்ராஜெக்ட்டைத் தேடி, வேலையைத் தேடி, நிலையை மாற்றி, போட்டோ சேர்த்து, சேமி என்று அழுத்தி... அவர் கேட்டது நியாயம். அன்றோடு அந்த மென்பொருளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். சைட்டிலிருந்து தகவல் வராவிட்டால் மற்ற திரைகள் எல்லாம் பழைய செய்தியைத்தான் காட்டிக்கொண்டிருக்கும்.

ஆகவே சோதனைக் காலத்திலேயே போனைச் சைட் ஆளிடம் கொடுங்கள். சொல்லித் தராமல் ஒதுங்கி நின்று பாருங்கள். ஆப்பைத் திறந்ததும் "இன்று எனக்குள்ள வேலை" என்று ஒரு பட்டியல் நேராக வருகிறதா? தமிழில் தட்டச்சு செய்தால், குரலில் சொல்லி எழுத வைத்தால் ஏற்கிறதா? தமிழில் எழுதியதைத் தேடினால் கிடைக்கிறதா? அப்புறம், பலரும் விட்டுவிடும் ஒன்று: அறிக்கையை பிடிஎஃப் ஆக எடுத்துப் பாருங்கள். திரையில் ஒழுங்காக இருக்கும் தமிழ், பிடிஎஃப்பில் கட்டம் கட்டமாகவோ கொம்பும் காலும் இடம் மாறியோ வருவது உண்டு. வாடிக்கையாளருக்கு அனுப்பும் நாளில் அதைக் கண்டுபிடிக்கக் கூடாது.

சிப்காட்டில் சில ரசாயனத் தொழிற்சாலைகளில் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். தீப்பிடிக்கும் ஆவி இருக்கும் இடத்தில் சாதாரண போன் கொண்டுபோகக் கூடாது என்பது பாதுகாப்பு விதி, அதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. சூப்பர்வைசர் சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்து, காலையில் நடந்தது எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுவார். அப்போது வேலை முடிந்த நேரம் காலை பத்தரை என்று அவர் குறிக்க முடிய வேண்டும். பதிவேற்றிய நேரத்தையே வேலை நேரமாக எடுத்துக்கொள்ளும் மென்பொருள் எங்களுக்கு உதவாது. சிக்னல் இல்லாத இடத்தில் எழுதியதை வைத்திருந்து, சிக்னல் வந்ததும் தானே அனுப்புகிறதா என்றும் பாருங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு ஒரு வரி எழுதினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இன்னொன்று என் சொந்தக் கருத்து. "எத்தனை சதவீதம் முடிந்தது" என்ற கட்டத்தை நான் நம்புவதில்லை. 70 சதவீதம் என்று ஒருவர் போடுவார், இரண்டு வாரம் கழித்தும் 80 தான் இருக்கும். அளக்கக்கூடியதைக் கேளுங்கள்: மொத்தம் 1,200 மீட்டர் கேபிளில் இன்றுவரை எத்தனை மீட்டர் இழுத்தாயிற்று, எத்தனை டெர்மினேஷன் முடிந்தது. இப்படி நமக்கு வேண்டிய கட்டங்களை நாமே சேர்த்துக்கொள்ள இடம் தரும் மென்பொருளைத் தேடுங்கள். ரன்னிங் பில் (முடிந்த அளவுக்கு அவ்வப்போது போடும் பில்) போடும்போது அதே எண் மெஷர்மென்டுக்கும் கைகொடுக்கும்.

எந்தப் பெயர், எதற்கு

ட்ரெல்லோ எளிது. கார்டை இழுத்துப் போடுவதை யாரும் அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்வார்கள். 2011இல் வந்தது, 2017இல் அட்லாசியன் நிறுவனம் வாங்கியது. இலவசத் திட்டத்தில் ஒரு ஒர்க்ஸ்பேஸுக்கு (ஒரு குழுவின் இடத்துக்கு) பத்து போர்டு (கார்டுகளை அடுக்கும் பலகை) வரைதான், பல போர்டுகளைச் சேர்த்து ஒரே காலண்டரில் பார்க்கும் வசதி காசு கட்டும் திட்டத்தில் இருக்கிறது. அந்த வசதி இல்லாமல் என் வியாழக்கிழமைக் கேள்விக்கு ட்ரெல்லோவிடம் பதில் இல்லை.

ஜிரா அதே அட்லாசியனுடையது, 2002 முதல் இருக்கிறது. பத்துப் பேர் வரை இலவசம். மென்பொருள் எழுதும் குழுக்களை மனதில் வைத்துச் செய்தது என்பது ஒவ்வொரு திரையிலும் தெரியும். ஐடி அலுவலகத்துக்கு எடுக்கலாம், கேபிள் இழுப்பவர் கையில் கொடுக்க நான் சம்மதிக்கமாட்டேன். ஆசனாவில் ஆட்களின் சுமையைப் பல ப்ராஜெக்ட்டுக்கும் சேர்த்துக் காட்டும் திரை நன்றாக இருக்கிறது, ஆனால் அது மேல் கட்டணத் திட்டத்தில் வருகிறது. இது பொதுவாகவே நடப்பதுதான்: பட்டியல், கார்டு, காலண்டர் எல்லாம் கீழ்த் திட்டத்தில் கிடைக்கும், நமக்கு உயிர்நாடியான அந்த ஒரு திரை மட்டும் மேலே இருக்கும். விலை ஒப்பிடும்போது அந்தத் திரை உள்ள திட்டத்தின் விலையைத்தான் ஒப்பிட வேண்டும்.

பேஸ்கேம்ப்பில் பேச்சு, கோப்பு, செய்ய வேண்டியவை எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஒரு வேலை தள்ளினால் அடுத்ததும் நகரும்படி இணைப்பது அதன் பாணி இல்லை. எங்களுக்கு அதனால் விலகியது. டிசைன் ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்குப் பொருந்தும். மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் தேதிக் கணக்கில் கெட்டி. பூட்டிய தேதி, காலண்டர், பல கோப்புகளுக்கும் பொதுவான ஆட்கள் பட்டியல் எல்லாம் உண்டு. அதை ஓட்ட, திட்டமிடுவதையே வேலையாகச் செய்யும் ஒருவர் வேண்டும்.

ஜோஹோ ப்ராஜெக்ட்ஸ் நம் பக்கத்து நிறுவனத்துடையது. ரூபாயில் கட்டலாம், ஜிஎஸ்டி பில் கிடைக்கும், வேலைகளை இணைத்து வைக்கலாம். ஆள் சுமைத் திரை எந்தத் திட்டத்தில் வருகிறது என்பதை வாங்கும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். ஓப்பன்ப்ராஜெக்ட், ரெட்மைன் இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள், சொந்த சர்வரில் இலவசமாக நிறுவலாம். சர்வரையும் பேக்கப்பையும் பார்த்துக்கொள்ள அலுவலகத்தில் ஆள் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

பணம் கட்டும் முன்

பெரும்பாலும் ஒரு ஆளுக்கு மாதம் இவ்வளவு என்றுதான் விலை. எத்தனை பேர் நிறுவனத்தில் இருக்கிறார்கள் என்று எண்ணாதீர்கள். யார் தகவல் போடுவார்கள், யார் பார்த்தால் மட்டும் போதும் என்று பிரியுங்கள். எங்களிடம் தகவல் போடுவது சூப்பர்வைசர்களும் அலுவலகமும்தான். பார்க்க மட்டும் வருபவருக்குக் கட்டணம் உண்டா, வாடிக்கையாளரை அவருடைய ப்ராஜெக்ட்டுக்குள் மட்டும் விருந்தினராக அனுமதிக்கலாமா என்று கேளுங்கள். அப்படி அனுமதித்தால் அவருக்கு நம் செலவுக் கணக்கும் மற்ற தொழிற்சாலையின் டிராயிங்கும் தெரியாமல் இருக்க வேண்டும். ஒரு விருந்தினர் கணக்கை உண்டாக்கி, நீங்களே அதில் நுழைந்து பாருங்கள். சில நிறுவனங்கள் ஆட்களை ஒவ்வொருவராக விற்பதில்லை. மன்டே டாட் காம்மில் காசு கட்டும் திட்டம் குறைந்தது மூன்று பேரிலிருந்து தொடங்கும்.

வெளிநாட்டு மென்பொருள் என்றால் டாலர் விலையோடு நிற்காது. ஜிஎஸ்டி பதிவுள்ள நிறுவனம் வெளிநாட்டிலிருந்து வாங்கும் சேவைக்கு ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நாமே வரி கட்டிக் கணக்கில் காட்ட வேண்டும். ஆடிட்டரிடம் வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். உள்ளூர் பில் என்றாலும் சரியான ஜிஎஸ்டி எண்ணைக் கொடுங்கள். 34இல் தொடங்குவது புதுச்சேரி, 33 தமிழ்நாடு. இரண்டு பதிவும் வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்கள் எதன் பெயரில் வாங்குகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். வங்கிக் கார்டில் மாதாமாதம் தானாகக் கட்டுவதாக இருந்தால், ரிசர்வ் வங்கி விதிப்படி 15,000 ரூபாய்க்கு மேல் போகும் ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்கும். ஓடிபி யார் போனுக்கு வருகிறது, அவர் அந்த நேரத்தில் சைட்டில் இருப்பாரா என்று யோசியுங்கள். பணம் போகாமல் கணக்கு நின்றால் எல்லா சைட்டும் ஒரே நேரத்தில் குருடாகிவிடும்.

வெளியேறும் வழியையும் இப்போதே பாருங்கள். எல்லா வேலைகளையும் ஒரு எக்செல் கோப்பாக இறக்கிப் பாருங்கள். பெரும்பாலும் பெயரும் தேதியும் வரும், போட்டோவும் டெஸ்ட் ரிப்போர்ட்டும் வராது. அதனால் நாங்கள் ரிப்போர்ட்டுகளைத் தனியாக ஒரு டிரைவில், ப்ராஜெக்ட் எண் வாரியாக வைத்துவிட்டு, மென்பொருளில் இணைப்பை மட்டும் ஒட்டுகிறோம்.

வாங்கிய பிறகு, பழைய முடிந்த வேலைகளை ஏற்றுவதில் நேரம் போக்க வேண்டாம். ஓடிக்கொண்டிருப்பவை மட்டும் போதும். தேதி மாற்றும் உரிமை ஒருவரிடம் இருக்கட்டும், மற்றவர்கள் நிலையையும் அளவையும் போடட்டும். சனிக்கிழமை மாலை அடுத்த வாரத்தின் ஆள் திரையை எல்லா சூப்பர்வைசர்களோடும் சேர்ந்து பார்த்து, முட்டுவதை அங்கேயே பேசித் தீர்த்துவிடுங்கள். முதலில் மாதக் கட்டணத்திலேயே ஓட்டுங்கள். வருடக் கட்டணத்தில் தள்ளுபடி கிடைக்கும், ஆனால் அதற்கு மாறும் முன் யார் யார் கடந்த மாதம் உள்ளே வந்திருக்கிறார்கள் என்ற பட்டியலை எடுத்து, வராதவர்களிடம் காரணம் கேட்டுவிட்டு, தேவையில்லாத கணக்குகளை நீக்கிய பிறகு கட்டுங்கள்.